ஆய்வைச் சொல்லுதலும் ஆய்வாளர்க்குச் சொல்லுதலும்: இளம் அறிவியலாளர்க்கான எழுத்துப் பயிற்சி குறித்து

இந்தியப் பல்கலைக்கழகங்களில் அறிவியல் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்க்கு ஆய்வெழுத்து எப்பொழுது கற்பிக்கப்படுகிறது என வினவினால், ஆய்வு முடிந்த பிறகு என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடையாகும். சோதனைகள் நிறைவுற்று, அட்டவணைகளும் வரைபடங்களும் கைக்கு வந்த பின்னர், 'இனி எழுத வேண்டியதுதான்' என்னும் நிலையில் எழுத்து தொடங்குகிறது. முன்னரே முடிந்துவிட்ட ஒரு பொருளை உறையிலிட்டு அனுப்பும் பணியாக எழுத்தும், உறையின்மேல் எழுதப்படும் ஆங்கிலத்தில் பிழை நேராமல் பார்த்துக்கொள்வதாகப் பயிற்சியும் கருதப்படுகின்றன.

மொழியியல் நோக்கில் இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. ஓர் அறிவியலாளர் தம்மையொத்த மற்றோர் அறிவியலாளரிடம் தம் முடிவைக் கூறும்போது நிகழ்வது தகவல் தெரிவித்தல் மட்டுமன்று. முன் ஆய்ந்தோருள் சிலரோடு உடன்பட்டும், சிலரை மறுத்தும், தம் கூற்றின் வலிமையைத் தாமே அளந்தும், அத்துறையில் தமக்கென ஓர் இடத்தைக் கோருதல் அது. அவ்வாறு கோரும் முறை கற்பிக்கப்படாதபோது, இலக்கணப் பிழையற்ற, ஆனால் எவரிடமும் எதையும் கோராத கட்டுரைகள் எழுதப்படுகின்றன. அவை திரும்பி வருகின்றன. திரும்பிய கட்டுரையின்மேல் 'மொழி சீர்பெற வேண்டும்' என்ற குறிப்பு இருப்பதால் மாணவர் மீண்டும் ஆங்கில இலக்கண நூலையே நாடுகிறார். தமிழ்வழிப் பள்ளியில் பயின்று, குடும்பத்தில் முதல் தலைமுறையாக ஆய்வுக்கூடத்தை அடைந்த ஒருவர்க்கு இதனால் விளையும் இழப்பு பெரிது. தம் ஆங்கிலமே குறையுடையது என நம்பத் தொடங்கும் அவர், சில ஆண்டுகளில், தாம் கண்ட உண்மையின் மீதே ஐயம் கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

நெறிமுறைப் பாடத்தில் இல்லாதது

பல்கலைக்கழக மானியக் குழு 2009-ஆம் ஆண்டின் விதிகளில் முனைவர் பட்ட மாணவர்க்குப் பாடநெறிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2016-ஆம் ஆண்டின் விதிகள் ஆய்வேட்டினை அளிக்குமுன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரு கருத்தரங்க உரைகளும் வேண்டும் என்றன. 2022-இல் வெளியான விதிகளில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. இடையே, 2019 டிசம்பரில், ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் என்னும் 30 மணி நேரப் பாடம் ஆய்வு மாணவர் அனைவர்க்கும் விதிக்கப்பட்டது. அப்பாடம் ஆறு அலகுகளைக் கொண்டது: மெய்யியலும் அறவியலும், அறிவியல் நடத்தை, வெளியீட்டு நெறி, திறந்த அணுகல் வெளியீடு, வெளியீட்டு முறைகேடு, தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும். இறுதி அலகிற்கு மட்டும் 7 மணி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது.

இவ்வலகுகள் ஒவ்வொன்றும் தேவையானவையே. ஆயினும் வெளியீட்டைப் பற்றிய 30 மணி நேரத்தில் ஒரு கருத்தை எவ்வாறு நிறுவுவது, மாற்றுக் கருத்தை எவ்வாறு எதிர்கொள்வது, ஐயத்தை எம்மொழியில் வெளியிடுவது என்பதற்கென ஓர் அலகு இல்லை. செய்யத்தகாதன எவை என்பது விரிவாகவும், செய்ய வேண்டியது யாது என்பது மௌனமாகவும் கற்பிக்கப்படுகின்றன. சாலைக் குற்றங்களையும் அவற்றிற்கான தண்டங்களையும் மனப்பாடம் செய்யவைத்து, வண்டியில் ஏற்றாமலே ஓட்டுநர் உரிமம் வழங்குவதை இது ஒத்ததாகும்.

இப்போக்கிற்குக் கருத்துத் திருட்டு குறித்த 2018-ஆம் ஆண்டின் விதிகளும் துணைபோயின. ஒப்புமை 10 விழுக்காட்டிற்கு மேற்படின் தண்டனை தொடங்குகிறது. 60-ஐக் கடந்தால் பதிவே நீக்கப்படும். இவ்விதிகளில் மொழியியலாளர் நின்று நோக்கத்தக்க ஒரு கூறு உண்டு. பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துவரும் தொடர்களில் 14 சொற்கள் வரை கணக்கில் கொள்ளப்படா என அவை கூறுகின்றன. சொல் என்பது யாது என அங்கு வரையறுக்கப்படவில்லை. 'மாதிரிகள் அறை வெப்பநிலையில் இரண்டு நாள் வைக்கப்பட்டு மீண்டும் எடையிடப்பட்டன' என்னும் தொடரில் எட்டுச் சொற்களே உள்ளன. இதையே ஆங்கிலத்தில் எழுதினால் இடைச்சொற்களும் துணைவினைகளும் சேர்ந்து எளிதில் 14-ஐ எட்டும். ஒட்டுநிலை மொழியில் ஆய்வேடு எழுதுவோர்க்கு இவ்வெல்லை ஏறத்தாழ இரு மடங்கு தாராளமாகிறது. ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு வகுத்த விதி இந்திய மொழிகள் அனைத்திற்கும் உரியதாக அறிவிக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதனினும் கவலைக்குரியது விழுக்காட்டு அச்சத்தின் விளைவு. செய்முறைப் பகுதியில் வரும் தொடர்கள் அத்துறையினர் அனைவர்க்கும் பொதுச் சொத்து; மாற்றினால் பொருளே மாறிவிடும். வாதப் பகுதியில் வரும் தொடர்களோ எழுதுபவர்க்கே உரியவை. இவ்வேறுபாட்டைக் கற்பிக்காமல் எண்ணிக்கையை மட்டும் காட்டுவதால், மாணவர் மாற்றக்கூடாத இடத்தில் ஒருபொருட்பன்மொழி தேடிச் சொல்லை மாற்றுகிறார். தாமே எழுத வேண்டிய இடத்தில் பிறர் வாக்கியத்தின் எலும்புக்கூட்டை வைத்துக்கொள்கிறார்.

'இடைவெளி' என்னும் வாய்பாடு

எழுத்துப் பயிற்சி அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை. பல நிறுவனங்களில் பயிலரங்குகள் நடைபெறுகின்றன, கையேடுகள் விற்பனையாகின்றன. அவற்றிற்கு நேராகவோ மறைவாகவோ அடிப்படையாக அமைந்தது ஜான் ஸ்வேல்ஸ் வகுத்த நகர்வுக் கோட்பாடாகும். 48 ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்து அவர் 1981-இல் நான்கு நகர்வுகளைக் கண்டார். 1990-இல் வெளியிட்ட நூலில் அவற்றை மூன்றாகச் சுருக்கினார். ஆய்வுக்களத்தை நிறுவுதல், அக்களத்தில் ஓர் இடத்தை உண்டாக்குதல், அவ்விடத்தில் தாம் அமர்தல் என்பன அம்மூன்று. கற்பிப்போர்க்கு இது பெரிதும் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. அதுவரை 'தெளிவாக எழுதுக', 'சுருக்கமாக எழுதுக' என்னும் அறிவுரைகளே பயிற்சியாக இருந்தன.

பயிலரங்குகளுக்கு வந்து சேர்வதற்குள் இக்கோட்பாடு மெலிந்துவிட்டது. இரண்டாம் நகர்விற்கு ஸ்வேல்ஸ் நான்கு வழிகளைச் சுட்டியிருந்தார்: முந்தைய கருத்தை எதிர்த்துரைத்தல், இடைவெளியைக் காட்டல், வினா எழுப்பல், ஒரு மரபைத் தொடர்தல். இந்நான்கனுள் இடைவெளி மட்டுமே எஞ்சிற்று. 'இது குறித்து இதுவரை எவரும் ஆராயவில்லை' என்னும் வாக்கியம் ஆய்வேடுகளின் முதல் இயலில் காப்புச் செய்யுள் போல இடம்பெறத் தொடங்கியது. எவரும் ஆராயாமைக்கு அது ஆராயத்தக்கதன்று என்பதும் காரணமாகலாம். ஒரு செடியின் இலைச்சாற்றை ஒருவர் ஆராய்ந்தார், வேரை ஆராயவில்லை. எனவே வேரை ஆராய வேண்டும் என்னும் வாதத்தில் குறை இலக்கணத்தில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. வேரை ஆராய்ந்தால் எவருடைய எந்தக் கருத்து மாறும் என்ற வினா எழுப்பப்படாததே குறை.

இந்திய அறிவியலின் சிறந்த எழுத்துகள் இவ்வாய்பாட்டிற்கு அடங்குகின்றனவா என்று பார்ப்பது பயனுடையது. டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போஸ் 1924-இல், தம் 30-ஆம் வயதில், பிளாங்க் விதியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறு கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மனில் பெயர்த்து அவ்வாண்டே வெளியிடச் செய்தார். அச்சில் நான்கு பக்கங்களே கொண்ட அக்கட்டுரையில் இடைவெளி எதுவும் காட்டப்படவில்லை. பிளாங்கின் விதி ஏற்கெனவே அறியப்பட்டது; அதனை வருவிக்கும் முறைகளும் பல இருந்தன. அவ்வருவிப்புகள் அனைத்தும் தருக்க முறையில் போதிய அடிப்படை உடையன அல்ல என்பதே போஸின் தொடக்கம். பழைய இயற்பியலிலிருந்து கடன் பெற்ற ஒரு கூறு அனைத்திலும் இருப்பதை அவர் சுட்டுகிறார். பின்னர் ஐன்ஸ்டைனின் வருவிப்பை எடுத்துக்கொண்டு, அதன் நேர்த்தியைப் பாராட்டி, அதுவும் எவ்வெவற்றைச் சார்ந்து நிற்கிறது என்பதை எண்ணிக் காட்டுகிறார். கட்டுரையைப் படிக்கப்போகிறவரும் அதே ஐன்ஸ்டைன்! பாராட்டும் மறுப்பும் அடுத்தடுத்து நிற்கும் அவ்விடத்தில் பணிவு குறையவில்லை, மறுப்பும் குறையவில்லை. இளம் ஆய்வாளர் ஒருவர் தம்மினும் பெரியாரிடம் மாறுபடும் முறைக்கு இதனினும் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இக்கதையில் மற்றுமொரு செய்தி உண்டு. போஸின் இரண்டாம் கட்டுரையையும் ஐன்ஸ்டைனே பெயர்த்தார். ஆயின் அதன் கருத்தில் அவர்க்கு உடன்பாடில்லை. எனவே பெயர்ப்பின் இறுதியில் தம் மறுப்பைத் தனிக்குறிப்பாகச் சேர்த்தார். பிறர் கருத்தை அவர் குரலிலேயே முழுமையாகக் கூறிய பின்னரே தம் குரலில் மறுத்தல் என்னும் ஒழுங்கு அங்குக் காணப்படுகிறது.

1928 மார்ச் 31-இல் நேச்சர் இதழில் வெளியான இராமன், கிருஷ்ணன் ஆகியோரின் மடல் வேறொரு போக்குடையது. அதில் மறுப்பும் இல்லை, இடைவெளியும் இல்லை. எக்ஸ் கதிர்ச் சிதறலில் மாறாத கதிரும் மாறிய கதிரும் தோன்றுவதற்கு ஒரு விளக்கத்தைக் கருதுகோளாகக் கொண்டு, அவ்விளக்கம் சரியானால் சாதாரண ஒளியிலும் இருவகைச் சிதறல் தோன்ற வேண்டும் என எதிர்பார்ப்பை எழுப்பி, சோதனை அதை உறுதிப்படுத்துகிறது என்று மடல் முன்செல்கிறது. ஏறத்தாழ 60 நீர்மங்கள் ஆராயப்பட்டன என்பது பின்னரே வருகிறது. இன்றைய பயிலரங்கு ஒன்றில் இம்மடல் அளிக்கப்பட்டிருந்தால், 'ஆய்வின் தேவை கூறப்படவில்லை' என்று ஓரத்தில் சிவப்பு மையால் குறித்திருப்பர் என ஊகிப்பது மிகையாகாது. 1953-இல் அதே இதழில் வாட்சனும் கிரிக்கும் எழுதிய கட்டுரையோ பாலிங், கோரே ஆகியோரின் அமைப்பைப் பெயர் சுட்டி மறுத்துவிட்டே தம் அமைப்பைக் கூறுகிறது.

ஆக, ஒத்த ஆய்வாளரிடம் பேசும் முறைகள் பல. எழுதுபவர் தேர்ந்துகொள்ள வேண்டும். வாய்பாடு தேர்வை ஒழிக்கிறது. அறிவியல் கட்டுரையின் வடிவமே சிந்தனையின் போக்கைத் திரித்துக் காட்டுகிறது என்று பீட்டர் மெடவர் 1963-இல் குற்றஞ்சாட்டி, கலந்தாய்வுப் பகுதியை முதலில் வைக்கலாம் என்றார். முன்னுரை, செய்முறை, முடிவு, கலந்தாய்வு என்னும் நான்கு பகுதி அமைப்பு பின்னர் மேலும் இறுகியதேயன்றி நெகிழவில்லை. அவ்வடிவத்தை மாற்ற இளம் ஆய்வாளரால் இயலாது. அவ்வடிவத்திற்குள் தம் வாதம் எங்கு நிற்கிறது என்பதை அறிய இயலும்.

எழுவகை மதமும் இன்றைய தேவையும்

மாறுபடுதலைக் கற்பிப்பதற்குத் தமிழ் மாணவர்க்கு அயலான கருவிகளே வேண்டும் என்பதில்லை. நன்னூற் பாயிரம் நூலாசிரியர் மேற்கொள்ளும் எழுவகை மதங்களைக் கூறுகிறது. பிறரோடு உடன்படுவதும் மறுப்பதும் அவற்றுள் அடங்கும். பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் விலக்குவதும், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒரு பக்கத்தைத் துணிவதும், தாம் நாட்டியதைத் தாமே நிலைநிறுத்துவதும் அவற்றுள் அடங்கும். 'மதம்' என்பதற்கு இங்குக் கொள்கை என்பதே பொருள். ஸ்வேல்ஸின் இரண்டாம் நகர்வோடு இவற்றை வைத்து நோக்கினால், பவணந்தியார் பட்டியலில் இடைவெளி காட்டல் என்பது தனி மதமாக இல்லாமை புலப்படும். நூல் செய்தல் என்பதையே முன்னோரோடு கொள்ளும் உறவாக அவர் கண்டார். வெற்றிடத்தை நிரப்புவதாகக் காணவில்லை.

இதனைக் கொண்டு ஆய்வுக் கட்டுரையின் இலக்கணம் முழுவதும் 13-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் கூறப்பட்டுவிட்டது எனப் பெருமிதம் கொள்வது தவறாகும். இலக்கண நூலார் நோக்கியது ஒரு மரபுக்குட்பட்ட நூலாக்கம். சோதனையால் பொய்ப்பிக்கத்தக்க கூற்றுகள் அவர்தம் எல்லைக்குள் வாரா. மேலும் உரை மரபில் ஒரு பெருங்குறையும் உண்டு. சேனாவரையர் உரையாசிரியரை மறுக்குமிடங்களில் வாதம் கூர்மையானது. எனினும் பிறர் கருத்தைக் கூறுமிடத்துப் பெயர் சுட்டாது 'என்பாரும் உளர்' என அமைவது உரைகளில் பெருவழக்கு. மறுக்கப்படுபவர் யார் என்பதைக் கற்றோர் தாமே அறிந்துகொள்வர் என்பது எண்ணம். அறிவியலில் இது செல்லாது. யார், எப்பொழுது, எங்கு என்பது குறிக்கப்படாத மறுப்பை எவரும் சரிபார்க்க முடியாது. 'பல ஆய்வாளர்கள் கூறியுள்ளனர்' என்று எழுதி ஐந்து பெயர்களை ஒரே அடைப்புக்குறிக்குள் இடும் இன்றைய வழக்கம் 'என்ப' என்பதன் நீட்சியோ என எண்ணத் தோன்றுகிறது. எழுவகை மதங்களை எடுத்துக்கொள்ளலாம். பெயர் மறைத்தலை விட்டுவிடலாம்.

கரைந்தது, கரைகிறது, கரையும்

கூற்றின் வலிமையை அளத்தல் என்பதே பயிற்சியில் மிகுதியும் புறக்கணிக்கப்படும் பகுதி. தமிழ் இலக்கணம் பெரிதும் உதவக்கூடிய பகுதியும் அதுவே.

ஓர் உப்பு ஒரு கரைசலில் கரைந்ததைக் கண்ட மாணவர் முன் மூன்று வினைமுற்றுகள் உள்ளன. 'கரைந்தது' என்பது அன்று அக்குடுவையில் கண்டது. 'கரைகிறது' என்பது திரும்பத் திரும்பச் செய்தும் அவ்வாறே நிகழ்ந்தது. 'கரையும்' என்பது விதி. இனிச் செய்யப்படும் சோதனைகளுக்கும் எழுதுபவர் பிணை நிற்கிறார். ஆங்கிலக் கட்டுரைகளில் தம் முடிவை இறந்தகாலத்திலும், நிறுவப்பட்ட அறிவை நிகழ்காலத்திலும் கூற வேண்டும் என்பது இராபர்ட் டே 1979-இல் வெளியிட்ட கையேட்டிலிருந்து பலராலும் எடுத்துரைக்கப்படும் விதி. மாணவர் இதனைக் கால விதியாகக் கற்கிறார், எனவே மறந்துவிடுகிறார். 'கரைந்தது' என்பதிலிருந்து 'கரையும்' என்பதற்குச் செல்ல எத்தனை குடுவைகள் வேண்டும் எனத் தமிழில் வினவினால் அது காலத்தைப் பற்றியதன்று, சான்றைப் பற்றியது என்பது உடனே விளங்கும்.

ஐயத்தை உணர்த்தும் வடிவங்களும் அத்தகையனவே. 'படியலாம்', 'படியக்கூடும்', 'படிந்திருக்கலாம்', 'படிந்திருக்க வேண்டும்' என்பன ஒரே பொருளுடையன அல்ல. இறுதி வடிவம் நேரிற் காணாததை வேறு சான்றுகளால் துணிந்தவர் கூறுவது. முதலிரண்டும் நிகழக்கூடிய ஒன்றைப் பற்றியன. 'படிந்திருக்கலாம்' என்பது நிகழ்ந்ததற்கான பல விளக்கங்களுள் ஒன்றைப் பற்றியது. '-லாம்' இசைவுப் பொருளிலும் வருவதால் எழுத்தில் 'கூடும்' என்பதே சில இடங்களில் பாதுகாப்பானது. ஆங்கிலத்தில் எழுதும்போது இவ்வடிவங்கள் யாவும், இயலுதலைக் குறிக்கும் ஒரே துணைவினையில் சென்று கலந்துவிடுகின்றன. ஐயம் என எண்ணி மாணவர் எழுதியதைப் படிப்பவர் ஆற்றல் எனக் கொள்கிறார். எழுதுமுன், தம் ஒவ்வொரு முடிவையும் தமிழில் கூறி, எவ்வினைமுற்று பொருந்தும் எனத் துணிந்த பின்னரே ஆங்கிலத்திற்குச் செல்லுமாறு பயிற்றினால் இக்குழப்பம் பெரிதும் குறையும்.

பிறர் கூற்றை எடுத்தாளுமிடத்தும் இதே நிலை. பேச்சுத் தமிழில் 'வெப்பம் கூடினால் நிறம் மாறுமாம்' என்பதில் வரும் '-ஆம்' பிறர் கூறியது என்பதை உணர்த்துவதோடு, பேசுபவர் அதற்குப் பொறுப்பேற்கவில்லை என்பதையும் உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் இவ்வேலையைச் செய்யும் இடைச்சொல் இல்லை. எடுத்துரைப்பு வினைகளே அதனைச் செய்ய வேண்டும். 'காட்டினார்' என எழுதினால் எழுதுபவரும் உடன்பட்டாராகிறார். 'கூறினார்' எனில் நடுநிலை. 'என வாதிட்டார்' எனில் மறுப்பு பின்னே வரும் என்ற குறிப்பு. ஒரு கட்டுரையை எடுத்து அதிலுள்ள எடுத்துரைப்பு வினைகளை மட்டும் அடிக்கோடிட்டால் ஆசிரியரின் நட்பும் பகையும் வெளிப்பட்டுவிடும். வேற்றுமை கருதி மூன்று வினைகளையும் மாறிமாறி எழுதும் மாணவர் தாம் யாரோடு உடன்படுகிறோம் என்பதையே மாற்றிமாற்றிக் கூறுகிறார் என அறிவதில்லை.

சொல்வரிசை பற்றியும் ஒன்று கூறத்தக்கது. ஜார்ஜ் கோப்பனும் ஜூடித் ஸ்வானும் 1990-இல் எழுதிய கட்டுரை, ஆங்கில வாக்கியத்தின் இறுதியில் வருவதையே படிப்பவர் அழுத்தமுடையதாகக் கொள்வர்; எனவே புதிய செய்தி அங்கு வரவேண்டும் என்கிறது. தமிழில் வாக்கிய இறுதி வினைமுற்றிற்கு உரியது. ஆதலின் தமிழ் மாணவர்க்கு இவ்வறிவுரை வெறும் விதியாகவே தோன்றும். ஆனால் 'இம்மாற்றத்தைத் தூண்டுவது வெப்பமே' எனத் தமிழிலும் அழுத்தம் பெறும் பெயரை இறுதிக்குக் கொணரலாம். வினை தொழிற்பெயர் வடிவேற்று முன்செல்ல, விடையாகிய சொல் பின்னிற்கும் இத்தொடரைப் பேச்சில் அன்றாடம் அமைப்பவர்க்கு, ஆங்கிலத்தின் இறுதியிட அழுத்தம் புதிதன்று. 'எது தூண்டுகிறது?' என வினவி, விடையை வாக்கியத்தின் கடைசியில் வை என்றால் போதும்.

பெயராக்கம் பற்றி மொழியியலார் நன்கறிவர். நியூட்டனின் ஒளியியல் நூல் முதலாக வினைகள் பெயர்களாக இறுகி, பெயர்கள் அடுத்த வாக்கியத்தின் தொடக்கமாகும் போக்கை ஹாலிடே விளக்கியுள்ளார். பெயராக்கம் தீங்கு எனப் பல கையேடுகள் கூறுவது முழு உண்மையன்று. முன் வாக்கியத்தில் வினையாக நிறுவப்பட்டது பின் வாக்கியத்தில் பெயராகலாம். நிறுவப்படாமலே பெயராவதுதான் தீங்கு.

கேட்போர் இல்லாத தமிழ்

இவ்விடத்து ஓர் எதிர்வினா எழக்கூடும். இறுதியில் ஆங்கிலத்தில்தானே எழுதப்போகிறார், தமிழில் இத்துணைப் பயிற்சி எதற்கு? இதற்கு விடை கூறுமுன், தமிழில் அறிவியல் இதுவரை எவர்க்காக எழுதப்பட்டுள்ளது என்பதை நோக்க வேண்டும்.

அறிவியல் தமிழ் என்னும் முயற்சி இரு தடங்களில் சென்றது. ஒன்று கலைச்சொல்லாக்கம், நடுவண் அரசு 1961-இல் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தை அமைப்பதற்கு முன்பே தமிழில் அது தொடங்கிவிட்டது. மற்றொன்று மக்களுக்கான எளிய எழுத்து. கோவையிலிருந்து 1948 முதல் வெளிவந்த கலைக்கதிரும், பெ.நா. அப்புசாமி போன்றோரின் நூல்களும் அதற்குச் சான்று. அதே 1948-இல் கல்கத்தாவில் போஸ் வங்க அறிவியல் பேரவையை நிறுவி 'ஞான் ஓ பிஞ்ஞான்' இதழைத் தொடங்கியதும் இத்தகைய நோக்குடையதே. இவ்விரு தடங்களின் தொண்டையும் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் இரண்டிலும் கேட்பவர் அறியாதவர். அறியாதவர்க்கு உவமை வேண்டும், கதை வேண்டும். மறுப்பும் அளந்த ஐயமும் வேண்டியதில்லை. அறிந்தவர் அறிந்தவரோடு வாதிடும் எழுத்துவகை தமிழ் அறிவியலில் வளரவில்லை. சொற்கள் பல்லாயிரமாகப் பெருகிய பின்னரும் அவற்றைக் கொண்டு வழக்காடுவதற்கு ஒரு மன்றம் அமையவில்லை. தமிழில் அறிவியல் முடியுமா என்ற பழைய வினாவிற்குச் சொல்லகராதியால் விடை கூறிக்கொண்டிருந்தமை ஒரு திசைமாற்றமே.

எழுத்தில் இல்லாத அவ்வகை பேச்சில் இல்லாமற்போகவில்லை. தமிழகத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வாராந்தரக் கூட்டம் முடிந்து மாணவர்கள் தேநீர்க் கடைக்கு நடக்கும்போது, 'கண்ட்ரோல் எங்கே வச்ச?', 'அந்தப் பீக் வேற எதுனாலயும் வந்திருக்கலாம்ல?' என்று நடக்கும் உரையாடல் முழுமையான அறிவியல் வாதமாகும். கலப்பு மொழி என அதனை இகழ்வது எளிது. மறுப்பு, மாற்று விளக்கம், சான்றுக் கோரிக்கை ஆகிய அனைத்தும் அங்கு உள்ளன. 'வந்திருக்கலாம்ல' என்னும் ஒரு சொல்லில் அளவும் உள்ளது, உடன்பாட்டை வேண்டுதலும் உள்ளது. அரை மணி நேரம் முன்பு, அதே மாணவர்கள் ஆங்கிலப் படவில்லைகளைப் படித்துக் காட்டியபோது இவற்றுள் ஒன்றும் இல்லை. எதிர்வினாவிற்கு விடை இங்குதான் உள்ளது. பயிற்சி தொடங்க வேண்டிய மூலப்பாடம் தேநீர்க் கடைப் பேச்சு. அதனைப் பதிவுசெய்து, எழுத்துத் தமிழில் இரு பக்கமாக்கி, உடன் பயிலும் மற்றொருவர் எழுத்திலேயே மறுத்து, அதற்கு விடையும் எழுதப்பட்ட பின்னர் ஆங்கில வரைவு தொடங்குமாயின், மொழிபெயர்க்கப்படுவது வாதமாக இருக்கும். இன்று மாணவர் மனத்திற்குள் மொழிபெயர்ப்பது பெரும்பாலும் சொற்களையே.

ஆங்கிலத்தைச் செப்பனிடும் கணினிக் கருவிகள் கைக்கெட்டிய இக்காலத்தில் இலக்கணத் திருத்தத்தையே பயிற்சியாகக் கொள்வது மேலும் பொருளற்றதாகிறது. ஆனால் 'கூடும்' என எழுதியதை அக்கருவி உறுதிக் கூற்றாக மாற்றிவிட்டால் அதனைக் கண்டுபிடிக்க, தம் கூற்றின் அளவை முன்னரே அறிந்த ஒருவர் வேண்டும்.

இதில் மொழிபெயர்ப்பாளர்க்குரிய பங்கு ஒன்று உண்டு. போஸ், இராமன் போன்றோரின் குறுங்கட்டுரைகள் சிலவற்றை, பொதுமக்களுக்காக எளிமையாக்காமல், அறிவியலாளர் அறிவியலாளர்க்கு எழுதியவையாகவே தமிழில் தருதல் வேண்டும். முதலாவதாக எடுக்கத்தக்கது போஸின் 1924-ஆம் ஆண்டுக் கட்டுரை. அச்சேறிய மூலம் ஐன்ஸ்டைனின் ஜெர்மன். 1976-இல் வந்த ஆங்கில வடிவமும் அதிலிருந்து மீளப் பெயர்க்கப்பட்டதே. முன்னைய வருவிப்புகள் அனைத்தையும் விலக்கும் அத்தொடக்கத்தில், அவை போதிய அடிப்படையற்றவை என்று போஸ் அறுதியிட்டுக் கூறவில்லை. தமக்கு அவ்வாறு தோன்றுவதாகவே கூறுகிறார். அந்தத் 'தோன்றுகிறது' போஸுடையதா, பெயர்த்தவருடையதா என்பதை முடிவுசெய்வதற்கு முன்பே, தமிழில் அதனை 'எனத் தோன்றுகிறது' என்பதா, 'போலும்' என்பதா, 'எனக் கருத இடமுண்டு' என்பதா என மொழிபெயர்ப்பாளர் துணிய வேண்டியிருக்கும்.